முறுக்கிய ஒளி பட்டால் சுழல்வது அணுவா, எலக்ட்ரானா? (வகுப்பில் வந்த கேள்வி)

கெடிலக்கரை | ஞாயிறு இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். போன வாரம் ஒளியின் தளவிளைவு நடத்தினேன். பாடத்தில் இல்லாவிட்டாலும், வட்ட முனைவாக்கம் பெற்ற ஒளி (அதாவது மின்புலத்தின் திசை சுழன்றுகொண்டே போகும் ஒளி) பொருளைத் திருப்பும் என்று ஆசையில் சொல்லிவிட்டேன். பிறகு 1992ல் நெதர்லாந்தின் லைடனில் ஆலனும் கூட்டாளிகளும் காட்டியதையும் சொன்னேன்: அலைமுகப்பே திருகாணி மாதிரி முறுக்கிக்கொண்டு போகிற ஒளிக்கற்றையில் ஒவ்வொரு ஃபோட்டானும், வட்ட முனைவாக்கத்தால் வரும் தற்சுழற்சி போக, இன்னொரு கோண உந்தத்தையும் சுமக்கிறது என்று.

கடைசி வரிசையில் தேவனாம்பட்டினத்துப் பையன் ஒருவன் எழுந்தான். "சார், அந்த ஒளி ஒரு அணு மேல பட்டா முறுக்கு யாருக்குப் போகும்? உள்ள இருக்கிற எலக்ட்ரானுக்கா, மொத்த அணுவுக்கா?"

திங்கட்கிழமை சொல்கிறேன் என்றேன். போன திங்கள் போய்விட்டது, நாளை அடுத்த திங்கள். இணையத்தில் ஒரு காணொளியில், முறுக்கு எண் (ஒளி எத்தனை மடங்கு முறுக்கியிருக்கிறது என்பது) ஐம்பது என்றால் எலக்ட்ரான் ஐம்பது அலகு கோண உந்தமும் வாங்கிக்கொள்ளும் என்கிறார்கள். இன்னொன்றில் எலக்ட்ரானுக்கு எதுவுமே போகாது என்கிறார்கள். இரண்டும் சரியாக இருக்க முடியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவனிடம் தப்பாகச் சொல்லிவிடக் கூடாது.

---

ஒதியஞ்சாலை | ஞாயிறு இரவு 9:40

சார், இரண்டாவது காணொளிதான் சரி. கணக்கைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 500 நானோமீட்டர். அணுவின் குறுக்களவு 0.1 நானோமீட்டர் வாக்கில். ஐயாயிரம் மடங்கு வித்தியாசம். அலை முறுக்கியிருக்கிறதா, நேராக இருக்கிறதா என்று அணுவுக்கு எப்படித் தெரியும்? அது நிற்கும் இடத்தில் மின்புலம் எந்தப் பக்கம் ஆடுகிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். இருமுனைத் தோராயம் என்று நாம் படித்தது இதைத்தான். ஆக எலக்ட்ரானுக்குக் கிடைப்பது தற்சுழற்சியின் ஒரு அலகு, அவ்வளவுதான். பையனிடம் "முழு அணுவுக்கு" என்று சொல்லி முடித்துவிடலாம்.

---

அலைமுகப்பு | ஞாயிறு இரவு 10:25

ஒதியஞ்சாலை சொன்னது முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசியில்தான் இந்தத் துறையின் சுவையே இருக்கிறது, அதனால் அவசரப்பட்டு முடிக்க வேண்டாம் சார். நான் புதுச்சேரிக்காரி. பொறியில் பிடித்த அயனிகளோடு லேசர் வேலை செய்து ஆறு வருஷம் ஆகிறது.

முதலில் முக்கால்வாசி. 2002ல் பாபிக்கரும் கூட்டாளிகளும் கணக்குப் போட்டு இதைச் சொன்னார்கள்: சாதாரண இருமுனைத் தாவலில், அதாவது அணு நிற்கும் இடத்து மின்புலம் எலக்ட்ரானை ஓர் ஆற்றல் நிலையிலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றும்போது, முறுக்கின் கோண உந்தம் எலக்ட்ரானின் உள் நிலைக்குப் போகாது, அணுவின் நிறைமையத்துக்குத்தான் போகும். அதாவது அணு மொத்தமாக, கற்றையின் அச்சைச் சுற்றி நகர்த்தப்படும்.

எப்படி என்றால், முறுக்கிய கற்றையில் உந்தம் நேராக முன்னோக்கி மட்டும் போவதில்லை. அச்சை விட்டுத் தள்ளி நிற்கிற இடத்தில் அது கொஞ்சம் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும். சாய்வு எவ்வளவு என்பது முறுக்கு எண்ணை வைத்தும், அச்சிலிருந்து தூரத்தை வைத்தும் மாறும். ரூபிடியத்துக்கு 780 நானோமீட்டர் ஒளி, முறுக்கு எண் ஒன்று, அச்சிலிருந்து 10 மைக்ரோமீட்டர் தள்ளி அணு என்று வையுங்கள். சாய்வு 0.7 பாகை வரும். ஒரு ஃபோட்டானை விழுங்கினால் ரூபிடியம் அணு விநாடிக்கு 6 மில்லிமீட்டர் வேகத்தில் தள்ளப்படும். அதில் அச்சைச் சுற்றித் தள்ளுகிற பங்கு விநாடிக்கு 0.07 மில்லிமீட்டர்தான். அறை வெப்பத்தில் அதே அணு விநாடிக்கு 300 மீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கூட்ட நெரிசலில் இந்தச் சிறு தள்ளல் எங்கே தெரியப் போகிறது? அதனால்தான் இந்தச் சோதனைகளுக்கெல்லாம் அணுவை முதலில் குளிரவைக்கிறார்கள்.

கால்வாசியை நாளைக்கு எழுதுகிறேன். ஒரு குறிப்பு மட்டும்: அணு அச்சுக்கு வெளியே நிற்காமல், சரியாக அச்சின் மேலேயே நின்றால் என்ன ஆகும் என்று யோசித்து வையுங்கள்.

---

நெல்லிக்குப்பத்தான் | ஞாயிறு இரவு 11:03

அறிவியல் எனக்குக் கொஞ்சம், தமிழ் கொஞ்சம் கூட. இதற்கு ஒரு நல்ல பெயர் வைத்துவிட்டுப் பேசலாமே. "சுற்றுப்பாதைக் கோண உந்தம் கொண்ட ஒளி" என்று சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

முறுக்கொளி என்று வைக்கலாம். ஆனால் அலைமுகப்பு அம்மா கடைசியில் கேட்டது இன்னொரு சொல்லைக் கிளப்பிவிட்டது. இந்தக் கற்றையின் நடு அச்சில் ஒளியே இருக்காது, இருட்டு என்று எங்கோ படித்திருக்கிறேன். சுற்றி ஒளி, நடுவில் ஒன்றுமில்லை. தமிழில் சுழி என்றால் நீர்ச்சுழல், அதே சொல்லுக்கு ஒன்றுமில்லாத பூஜ்யம் என்றும் பொருள். இரண்டும் சேர்ந்து இருக்கிற ஒரு பொருளுக்கு நம் மொழியில் ஏற்கெனவே ஒரே சொல் இருக்கிறது. ஆகவே சுழியொளி.

---

நீலவலை | திங்கள் காலை 6:20

சார், கேள்வி கேட்டவன் என் தம்பிதான். நேத்து ராத்திரி இதை அவன்கிட்ட காட்டினேன், தூங்கவே இல்ல. நான் இயற்பியல் இளங்கலை ரெண்டாம் வருஷம்.

பேருக்கு எனக்கு ஒண்ணு தோணுது. எங்க வீட்ல கயித்துக்குப் புரின்னுதான் கணக்கு. ரெண்டு புரிக் கயிறு, மூணு புரிக் கயிறு. படத்துல பாத்தா முறுக்கு எண் மூணு இருக்கிற ஒளியில அலைமுகப்பு ஒண்ணு இல்ல, மூணு திருகு ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னிக்கிட்டு போகுது. அச்சா அசலா மூணு புரிக் கயிறுதான் அது. அப்போ முறுக்கு எண்ணுக்குப் பேரு புரி எண். சங்குக்குச் சொல்ற மாதிரி ஒரு பக்கம் திரும்பினா வலம்புரி, மறுபக்கம்னா இடம்புரி. பிளஸ், மைனஸ் ரெண்டும் வந்துடுச்சு.

அக்கா, ஒரு சந்தேகம். கயிறு திரிக்கும்போது ஒவ்வொரு புரியும் தனக்குள்ள ஒரு பக்கம் முறுக்கியிருக்கும், மூணையும் சேத்து முறுக்குறது எதிர்ப்பக்கம். அப்பதான் பிரியாது. ஒளியிலயும் அந்த உள்முறுக்குதான் தற்சுழற்சியா?

---

கெடிலக்கரை | திங்கள் காலை 7:05

புரி எண். வலம்புரி, இடம்புரி. தம்பி, இதை இன்றைக்கே கரும்பலகையில் எழுதப் போகிறேன்.

---

அலைமுகப்பு | திங்கள் மதியம் 1:30

நீலவலை, கிட்டத்தட்ட அதேதான். தற்சுழற்சி என்பது ஒவ்வொரு புள்ளியிலும் மின்புலத்தின் திசையே சுழல்வது. அதற்கு இரண்டே வாய்ப்பு: ஒரு ஃபோட்டானுக்கு இந்தப் பக்கம் ஒரு எச்-பார், அல்லது அந்தப் பக்கம் ஒரு எச்-பார். நாம் இங்கே ஒரு அலகு என்று சொல்வது இந்த எச்-பாரைத்தான். புரி எண் என்பது அச்சைச் சுற்றி ஒரு வட்டம் வரும்போது அலையின் கட்டம் (ஏற்ற இறக்கத்தில் அலை எந்த நிலையில் இருக்கிறது என்பது) எத்தனை முழுச் சுற்று மாறுகிறது என்பது. அது 1, 2, 17, எதுவாகவும் இருக்கலாம், அதற்கு உச்சவரம்பு கிடையாது. கயிறு மாதிரி இரண்டும் எதிரெதிராக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. ஒளியில் இரண்டையும் தனித்தனியாக வைக்கலாம். உன் உவமை அந்த ஓர் இடத்தில் மட்டும் விட்டுப்போகும்.

நெல்லிக்குப்பத்தான் ஐயா, நடுவில் இருட்டு என்பது முழு உண்மை. ஏன் என்று சொல்கிறேன், அதிலேயே சாருடைய விடையும் இருக்கிறது.

ஒருபுரி ஒளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏதோ ஒரு கணத்தில் அச்சுக்குக் கிழக்கே மின்புலம் மேல்நோக்கி உச்சத்தில் இருக்கிறது என்றால், சரியாக எதிரே மேற்கில் அது கீழ்நோக்கி உச்சத்தில் இருக்கும். ஒரு வட்டத்துக்கு ஒரு முழுச் சுற்று என்றால் அரை வட்டத்தில் அரைச் சுற்று, அதாவது நேர் எதிர். அச்சை நெருங்க நெருங்க எல்லாத் திசைகளும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. நடுவில் பூஜ்யம். சுழியின் நடுவே சுழி.

இப்போது அந்தப் பூஜ்யத்தில் ஓர் அணுவைக் கொண்டுபோய் உட்காரவையுங்கள். இருமுனைத் தாவல் நடக்காது, ஏனென்றால் அது நிற்கும் இடத்தில் புலமே இல்லை. ஆனால் அணு புள்ளி அல்ல. அதன் கிழக்கு ஓரத்தில் துளியூண்டு மேல்நோக்கிய புலம், மேற்கு ஓரத்தில் துளியூண்டு கீழ்நோக்கிய புலம். புலம் இல்லாவிட்டாலும் புலத்தின் சரிவு இருக்கிறது! சரிவை மட்டுமே உணர்கிற தாவல் ஒன்று அணுவுக்குள் உண்டு. அதன் பெயர் நான்முனைத் தாவல்.

---

நீலவலை | திங்கள் மதியம் 2:10

அக்கா, இது கெடிலம் முகத்துவாரத்துல தெனம் பாக்குறதுதான்! சுழியில தக்கையப் போட்டா அது சுழியைச் சுத்தி ஓடும். தானா திரும்பாது, சும்மா சுத்தி வரும். ஆனா ஒரு குச்சி சுழியோட நடுக்கண்ணுல குறுக்க மாட்டினா எங்கயும் நகராது, நின்ன எடத்துலயே திரும்பும். ஒரு முனையை ஒரு பக்கம் தள்ளுது, மறு முனையை எதிர்ப்பக்கம் தள்ளுது. தக்கைதான் இருமுனை, குச்சிதான் நான்முனை. சரியா?

---

அலைமுகப்பு | திங்கள் மதியம் 2:18

சரி தம்பி. நான் மாணவர்களுக்குச் சொல்லித் தருகிற உவமையை விட இது நன்றாக இருக்கிறது. தண்ணீரில் நகர்வது நீர், ஒளியில் சுற்றுவது கட்டம். அந்த வேறுபாட்டை மட்டும் உன் தம்பிக்குச் சொல்லிவிடு.

---

ஒதியஞ்சாலை | திங்கள் மாலை 5:45

உவமை அழகாக இருக்கிறது என்பதற்காக ஒத்துக்கொள்ள மாட்டேன். நான்முனைத் தாவல் எவ்வளவு பலவீனமானது என்று நமக்குத் தெரியும். அதிலும் அணுவை இருட்டின் நடுவில் துல்லியமாக நிறுத்தி, அந்தத் துளியூண்டு சரிவால் எலக்ட்ரான் தாவியதை யாராவது நேரில் பார்த்திருக்கிறார்களா? இல்லை, தாளில் மட்டும்தானா?

---

அலைமுகப்பு | திங்கள் இரவு 9:50

பார்த்திருக்கிறார்கள். நியாயமான கேள்வி, விரிவாகவே சொல்கிறேன்.

ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் செய்தது, 2016ல் வெளியானது. ஒரே ஒரு கால்சியம் அயனி. நிறை எண் 40, ஒரு எலக்ட்ரானை இழந்தது. மின்புலப் பொறியில் பிடித்து, லேசரால் குளிர்வித்து, சில பத்து நானோமீட்டர் இடத்துக்குள் அடக்கிவிட்டார்கள். ஒருபுரி ஒளியை அதன் மேல் சில மைக்ரோமீட்டர் அகலத்துக்குக் குவித்தார்கள். கற்றையின் இருட்டு நடுக்கண்ணை விட அயனி உலவுகிற இடம் மிகச் சிறியது. ஆகவே "துல்லியமாக நிறுத்த முடியுமா" என்ற சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

ஒளி 729 நானோமீட்டர், ஆழ்ந்த சிவப்பு. அது அயனியின் கடைசி எலக்ட்ரானை எஸ் நிலையிலிருந்து டி நிலைக்கு ஏற்றும். எஸ்ஸிலிருந்து டிக்குச் சுற்றுப்பாதைக் கோண உந்தம் இரண்டு அலகு கூட வேண்டும். இருமுனைத் தாவலால் ஒன்றுதான் முடியும். ஆகவே இது தூய நான்முனைத் தாவல். எவ்வளவு பலவீனம் என்றால், மேலே போன எலக்ட்ரான் தானாகக் கீழே இறங்க ஒரு விநாடிக்கும் மேல் ஆகும். அதே அயனியில் இருமுனை வழியாக இறங்குகிற பி நிலையின் ஆயுள் சில நானோவிநாடிதான். பலவீனம் என்று ஒதியஞ்சாலை குறை சொன்னதுதான் இங்கே பலம். நிலை நீடித்து நிற்கிறது, நிறமாலைக் கோடு மிகக் கூர்மை, எந்த உள்நிலைக்குப் போனது என்று தனித்தனியாகப் படித்துவிடலாம்.

சாதாரணக் கற்றையை, அயனி இருக்கும் காந்தப்புலத்தின் திசையிலேயே செலுத்தினால், இந்தத் தாவலில் அந்தத் திசையில் எலக்ட்ரானுக்குக் கூடுவது ஒரு அலகு மட்டும். தற்சுழற்சி தருகிற அந்த ஒன்று. அதே தற்சுழற்சியோடு, அதே பக்கம் திரும்பும் ஒருபுரி ஒளியை வைத்து, அயனியை நடு இருட்டில் நிறுத்தியபோது இரண்டு அலகு தாவல் கிளம்பியது. ஒரே ஃபோட்டான்: ஒன்று தற்சுழற்சியிலிருந்து, ஒன்று முறுக்கிலிருந்து. முறுக்கின் பங்கு எலக்ட்ரானுக்கே போனது.

இன்னொன்றும் பார்த்தார்கள், எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். லேசர் பட்டாலே அணுவின் ஆற்றல் மட்டங்கள் கொஞ்சம் நகர்ந்துவிடும். அணுக் கடிகாரம் செய்கிறவர்களுக்கு இது பெரிய தலைவலி. இருட்டு நடுவில் அந்த நகர்வு வெகுவாகக் குறைந்தது. புலம் இல்லை, அதனால் நகர்வு இல்லை. சரிவு இருக்கிறது, அதனால் தாவல் இருக்கிறது. ஒளியே படாத இடத்தில் நின்றுகொண்டு ஓர் எலக்ட்ரான் ஒளியை விழுங்குகிறது. நான் முதன்முதலில் இதைப் படித்தபோது எழுந்து கடற்கரைச் சாலைக்குப் போய் கொஞ்ச நேரம் நடந்துவிட்டுத்தான் திரும்பிவந்தேன்.

---

ஒதியஞ்சாலை | திங்கள் இரவு 10:30

சரி. ஒத்துக்கொள்கிறேன். "எலக்ட்ரானுக்கு எதுவும் போகாது" என்று நான் எழுதியதைத் திருத்திக்கொள்ளுங்கள் சார். இருமுனைத் தாவலில் போகாது, நான்முனையில் ஒன்று போகும்.

ஆனால் முதல் காணொளியும் தப்புத்தானே? ஐம்பது புரி என்றால் ஐம்பதும் எலக்ட்ரானுக்குப் போகாதில்லையா?

---

அலைமுகப்பு | திங்கள் இரவு 10:41

போகாது. எலக்ட்ரான் எவ்வளவு வாங்க முடியும் என்பதை அந்தத் தாவலின் வகை தீர்மானிக்கிறது, புரி எண் அல்ல. அணு அச்சை விட்டு நகர்ந்தால் கணக்கு இன்னும் மாறும். வெளியே போகப் போக அதற்கு இது வெறும் சாய்ந்த நேர் அலையாகத்தான் தெரியும்.

---

முத்தியால்பேட்டை_பட்டறை | செவ்வாய் காலை 8:15

படித்துக்கொண்டே வருகிறேன். கல்லூரி ஆய்வகம் ஒன்றில் கருவி பழுதுபார்க்கிற வேலை முப்பத்தொரு வருஷம் பார்த்து ஓய்வு பெற்றவன். கணக்கு வராது, ஆனால் கையால் செய்தவர்களின் கதை தெரியும்.

ஒளிக்குக் கோண உந்தம் உண்டு என்று 1909ல் பாய்ண்டிங் சொன்னபோது அவர் எடுத்துக்கொண்ட உவமை சுழலும் தண்டு. பட்டறையில் கடைசல் எந்திரத்தில் பார்க்கிறோமே, அந்தத் தண்டுதான். ஒரு முனையில் திருப்பினால் மறுமுனை வரை திருப்பு விசை போவது போல, வட்ட முனைவாக்க ஒளியிலும் போகும் என்றார். ஆனால் அளவு மிகச் சின்னது, அளப்பது கடினம் என்றும் சொன்னார்.

1931ல் நம் ராமனும் பகவந்தமும் ஒளிச்சிதறலை வைத்து ஃபோட்டானுக்குத் தற்சுழற்சி உண்டு என்பதற்குச் சோதனைச் சான்று எழுதினார்கள். திருச்சியில் பிறந்தவர் ராமன், அதற்கு முந்தைய வருஷம்தான் நோபல் வாங்கியிருந்தார். 1936ல் அமெரிக்காவில் பெத் என்பவர் நேரடியாகத் திருப்பு விசையையே அளந்தார். ஒரு குவார்ட்ஸ் இழை, தலைமயிரை விட மெல்லியது. அதில் ஒரு படிகத் தகட்டைத் தொங்கவிட்டு, அதன் வழியாக ஒளியை விட்டு, தகடு திரும்புவதைப் பார்த்தார். இழையில் தொங்குகிற கண்ணாடியை வைத்து வேலை செய்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பொறுமை என்று தெரியும். பக்கத்து அறைக் கதவைச் சாத்தினாலே ஆடும். எங்கள் ஆய்வகத்தில் மழைக்காலத்தில் அப்படி ஒரு கால்வனோமீட்டரை நிலைநிறுத்த நான் மூன்று நாள் உட்கார்ந்திருக்கிறேன்.

சார், பையன்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்காதீர்கள், காட்டுங்கள். முறுக்கிய ஒளியை வகுப்பறையில் செய்யலாம். ஆயிரம் ரூபாய்கூட ஆகாது.

---

கெடிலக்கரை | செவ்வாய் காலை 8:40

ஐயா, எப்படி? சொல்லுங்கள். எங்களிடம் ஒரு சிவப்பு லேசர் சுட்டி இருக்கிறது, வேறெதுவும் இல்லை.

---

முத்தியால்பேட்டை_பட்டறை | செவ்வாய் காலை 11:20

அது போதும். ஒளி ஊடுருவும் தாளில் இணைகோடுகள் அச்சிட வேண்டும், ஒரு மில்லிமீட்டருக்கு ஐந்து கோடு. நடுவில் மட்டும் ஒரு கோடு கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிய வேண்டும். மேல் பாதியில் கீழ் பாதியை விட ஒரு கோடு கூடுதலாக இருக்கும். அவ்வளவுதான் சூட்சுமம். இந்தக் கவட்டைக் கீற்றணியை 1990 வாக்கில் சோவியத் நாட்டுக்காரர்கள் வெளியிட்டார்கள். கோடுகளைக் கணினியில் வரைய ஒதியஞ்சாலை உதவுவார் என்று நினைக்கிறேன்.

லேசர் சரியாகக் கவட்டையின் பிரிவில் விழ வேண்டும். தாளை ஒரு அட்டையில் ஒட்டி, இரண்டு திருகாணி வைத்து மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்துகிற மாதிரி செய்துகொள்ளுங்கள், கையால் பிடித்தால் கிடைக்காது. ஐந்து மீட்டர் தள்ளிச் சுவரில் பாருங்கள். நடுவில் சாதாரணப் புள்ளி. அதற்கு இரண்டு பக்கமும் ஒன்றரை செண்டிமீட்டர் தள்ளி இரண்டு மெதுவடை. நடுவில் ஓட்டை. ஒரு பக்கம் வலம்புரி, மறுபக்கம் இடம்புரி. ஓட்டை தெரியவில்லை என்றால் கவட்டை விலகியிருக்கிறது என்று பொருள்.

ஒரு மில்லிவாட்டுக்கு மேற்பட்ட லேசர் வேண்டாம். பையன்களை லேசருக்கு எதிர்ப்பக்கம் உட்காரவைக்காதீர்கள். கைக்கடிகாரம், ஸ்டீல் அளவுகோல் எதுவும் கற்றையின் வழியில் இருக்கக் கூடாது. இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

---

ஒதியஞ்சாலை | செவ்வாய் மாலை 6:10

வரைந்து அனுப்புகிறேன் சார். ஒருபுரிக்கு ஒன்று, இருபுரிக்கு ஒன்று. இருபுரிக்கு ஒரு கோடு மூன்றாகப் பிரியும்.

ஓட்டையைப் பார்த்தால் மட்டும் முறுக்கு இருக்கிறது என்று ஆகிவிடாது, பையன்கள் கேட்பார்கள். அதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. 2013ல் ஆமதாபாதின் இயற்பியல் ஆராய்ச்சி நிலையத்தார் காட்டியது. வளையத்தை ஒரு குவிலென்ஸ் வழியாக அனுப்பி, லென்ஸைக் கொஞ்சம் சாய்த்துவிட வேண்டும். குவியும் இடத்துக்குப் பக்கத்தில் வளையம் துண்டு துண்டாகப் பிரியும். நடுவில் எத்தனை கருங்கோடு தெரிகிறதோ அத்தனை புரி. கோடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை வைத்து வலம்புரியா இடம்புரியா என்றும் சொல்லிவிடலாம். லென்ஸ் எல்லாப் பள்ளியிலும் இருக்கும்.

---

நெல்லிக்குப்பத்தான் | செவ்வாய் இரவு 8:00

எண்ணிப் பார்த்தே புரியைச் சொல்லிவிடலாம் என்பது அருமை. சுழியொளியை விட்டுக்கொடுக்கிறேன். புரியொளி என்றே வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் இருட்டுக்கு மட்டும் சுழி என்ற பெயரை விட்டுவையுங்கள்.

---

நீலவலை | செவ்வாய் இரவு 9:30

அக்கா, மொத்த அணுவும் சுத்துறதையும் யாராவது பாத்திருக்காங்களா? தக்கை ஓடுறதை?

---

அலைமுகப்பு | செவ்வாய் இரவு 10:15

பார்த்தார்கள், 2006ல், அமெரிக்கத் தர அளவீட்டு நிறுவனத்தில். சோடியம் அணுக்களை ஒரே குவாண்டம் அலையாக நடந்துகொள்ளும் அளவுக்குக் குளிர்வித்து, எதிரெதிரே இரண்டு லேசர்களை விட்டார்கள். ஒன்று ஒருபுரி, மற்றது சாதாரணம். அணு ஒருபுரிக் கற்றையிலிருந்து ஒரு ஃபோட்டானை வாங்கி, சாதாரணக் கற்றையில் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கும். மிச்சமாக ஒரு அலகு முறுக்கு அணுவிடமே தங்கிவிடும். அணுவின் உள்நிலை மாறவே இல்லை, முழு அணுவும் சுற்றத் தொடங்கியது. அரை அலகு, முக்கால் அலகு என்று இல்லாமல் ஒவ்வொரு அணுவுக்கும் சரியாக ஒரு அலகு. இன்னொரு முறை செய்தால் இரண்டு.

எப்படித் தெரிந்தது என்றால், சுற்றுகிற அணுக்கூட்டத்தையும் சுற்றாத அணுக்கூட்டத்தையும் ஒன்றன்மேல் ஒன்று படரவிட்டுப் படம் எடுத்தார்கள். குறுக்கீட்டுக் கோடுகளின் நடுவில் ஒரு கோடு கவட்டையாகப் பிரிந்திருந்தது. பட்டறை ஐயா தாளில் அச்சிடச் சொன்ன அதே கவட்டை, இந்த முறை சோடியம் அணுக்களே வரைந்தது.

சோடியம் என்றால் ஏதோ தூரத்துப் பொருள் என்று உன் தம்பி நினைக்க வேண்டாம். மஞ்சள் தெருவிளக்கில் எரிகிறதே, அதே அணுதான்.

இதே மாதிரி ஒற்றை ஃபோட்டானின் முறுக்கைக் குளிர்ந்த ரூபிடியம் அணுக்கூட்டத்தில் சேமித்துத் திரும்ப எடுத்ததும் உண்டு, சீனாவில், 2013ல். அது தனி இழைக்கான விஷயம்.

---

கெடிலக்கரை | வெள்ளி மாலை 5:50

மன்னிக்கவும், மூன்று நாளாக மழை, இணைப்பு வரவில்லை.

இன்று செய்தோம். ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டினோம். முதல் இருபது நிமிஷம் வெறும் புள்ளிதான் வந்தது. நீலவலையின் தம்பிதான் திருகாணியைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பிக்கொண்டே இருந்தான். வேறொருவன் சுவர்ப் பக்கம் நின்று "இன்னும், இன்னும்" என்றான். திடீரென்று சுவரில் இரண்டு வளையம். நாற்பத்திரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஓடிவந்துவிட்டார், அவரையும் உட்காரவைத்துக் காட்டினோம். லென்ஸைச் சாய்த்ததும் ஒருபுரிக்கு ஒரு கருங்கோடு, இருபுரித் தாளுக்கு இரண்டு.

அவனுடைய கேள்விக்கு விடையை அவனையே எழுதச் சொன்னேன். நோட்டில் அவன் எழுதியதை அப்படியே தருகிறேன்:

"அணு அச்சுக்கு வெளியே நின்றால் தக்கை. முறுக்கு முழு அணுவுக்குப் போகும். அச்சின் மேல் நின்றால் குச்சி. நான்முனைத் தாவலாக இருந்தால் எலக்ட்ரானுக்கு ஒன்று போகும்."

எழுதி முடித்துவிட்டு அடுத்த கேள்வி கேட்டான். என்னால் முடியவில்லை, அலைமுகப்பு அம்மா. "சார், இருபுரி ஒளியில கிழக்கும் மேற்கும் எதிரெதிரா இருக்காதே, ஒரே பக்கமாத்தானே இருக்கும்? அப்போ நடுவுல சரிவும் இல்ல. கால்சியம் அங்க நின்னா ஒண்ணுமே உணராதா?"

---

அலைமுகப்பு | வெள்ளி இரவு 9:05

சார், அவனை என்னிடம் அனுப்பிவிடுங்கள்.

அவன் சொன்னது சரி. இருபுரியில் கிழக்கும் மேற்கும் ஒன்று, வடக்கும் தெற்கும் அதற்கு எதிர். நடுவில் புலமும் பூஜ்யம், சரிவும் பூஜ்யம். சரிவின் சரிவு மட்டும் மிச்சம். கால்சியத்தின் நான்முனைத் தாவலுக்கு அது தெரியாது, நடுக்கண்ணில் அயனி சும்மா இருக்கும். அதை உணர எண்முனைத் தாவல் வேண்டும். இட்டெர்பியம் அயனியில் அப்படி ஒன்று உண்டு, 467 நானோமீட்டர், நீல ஒளி. தானாக இறங்க ஆண்டுக்கணக்கில் ஆகும் அளவுக்கு அது பலவீனம். 2022ல் ஜெர்மனியில் புரியொளியைக் கொண்டு அந்தத் தாவலையும் எழுப்பிக் காட்டிவிட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை நான் ஊரில்தான் இருப்பேன். உங்களுக்கும் பட்டறை ஐயாவுக்கும் தோதுப்பட்டால் பள்ளிக்கே வருகிறேன். வரும்போது முப்புரித் தாளும் கொண்டுவருகிறேன்.

---

முத்தியால்பேட்டை_பட்டறை | வெள்ளி இரவு 9:20

நாலு மணி பஸ்ஸைப் பிடித்தால் ஐந்துக்குள் மஞ்சக்குப்பம் வந்துவிடுவேன். பித்தளையில் ஒரு நல்ல நகர்த்தி செய்து கொண்டுவருகிறேன் சார். அட்டை மழையில் ஊறிப்போகும்.